டங்கனை வெளியே உட்கார வைத்தது தவறா?

கேள்வி இது: 2013 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் 6-வது ஆட்டத்தில், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளர் க்ரெக் பாப்பவிச் ஏன் தன் நட்சத்திர வீரர் டிம் டங்கனை பெஞ்சில் உட்கார வைத்தார்? மூன்று புள்ளி முன்னிலை இருந்தபோது வேண்டுமென்றே எதிரணி ஆளைப் பிடித்து ஒரு ஃபவுல் செய்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்காதா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப்பவிச் அன்றைக்கு டங்கனை வெளியே வைத்தது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டையும் ஒரே முடிவாகப் போட்டுப் பேசுவதால்தான் இந்த வாதம் இத்தனை வருஷமாகத் தீராமல் இருக்கிறது. முதல் தடவை வைத்தது தவறு என்பது என் கருத்து. இரண்டாவது தடவைக்கு நல்ல நியாயம் இருக்கிறது, ஆனால் அப்போதும் வெளியே போயிருக்க வேண்டியவர் இன்னொரு ஸ்பர்ஸ் வீரரான டோனி பார்க்கர். ஃபவுல் கதை வேறு. அந்த ராத்திரியில் எடுக்கக்கூடிய முடிவாகவே அது இருக்கவில்லை என்று நினைக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஸ்பர்ஸ் பக்கம். அதை மறைத்துவிட்டு நடுநிலை பேசுவது சரியில்லை. மியாமியில் 18-ம் தேதி இரவு நடந்த அந்த ஆட்டம் நமக்கு ஜூன் 19, புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தது. அறையில் என்னோடு இருந்த நண்பன் மியாமி ஹீட் ரசிகன். இரண்டு பேரும் வேலைக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். தொடரில் ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னிலை. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது ஸ்பர்ஸ் 75, ஹீட் 65. நண்பன் எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது ஹீட்டின் லெப்ரான் ஜேம்ஸ் தலைப்பட்டை இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார். நான்காம் கால் பகுதியில் மட்டும் 16 புள்ளி எடுத்தார். பத்துப் புள்ளி வித்தியாசம் கரைந்தது. ஹீட் முன்னே போனது. பிறகு பார்க்கர் லெப்ரானுக்கு மேலேயே பின்வாங்கி ஒரு மூன்று புள்ளி (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசுவது) போட்டு 89-89 ஆக்கினார், அடுத்து பந்தைப் பறித்துப் போய் இரண்டு புள்ளி போட்டார். லெப்ரான் பந்தை இழந்தார். ஸ்பர்ஸின் மனு ஜினோபிலி ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று (ஃபவுலுக்கு ஈடாக யாரும் மறிக்காமல் வீசுவது, ஒன்றுக்கு ஒரு புள்ளி) முதலில் இரண்டையும் போட்டார், மறுபடி வந்தபோது இரண்டில் ஒன்றைப் போட்டார். 94-89. கடிகாரத்தில் 28.2 விநாடி.

அந்த நேரத்தில்தான் மைதானத்தின் ஓரத்தில் மஞ்சள் கயிற்றை எடுத்து வந்தார்கள். கோப்பை வழங்கும்போது கூட்டம் உள்ளே வராமல் தடுக்கக் கட்டுகிற கயிறு. பாதுகாப்பு ஊழியர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றதை டிவியிலேயே காட்டினார்கள். ஹீட் ரசிகர்களில் ஒரு கூட்டம் எழுந்து வெளியே போய்விட்டது. போனவர்களால் திரும்ப உள்ளே வர முடியவில்லை.

சரி, இப்போது டங்கன் விஷயத்துக்கு வருவோம்.

பாப்பவிச் அவரை எடுத்துவிட்டு உள்ளே விட்டது போரிஸ் டியாவை. கோபத்தில் பேசுகிறவர்கள் இதை ஏதோ திடீர்க் கிறுக்கு மாதிரிச் சொல்வார்கள். அப்படி இல்லை. சீசன் முழுக்க இதைச் செய்துதான் வந்தோம் என்று ஆட்டத்துக்குப் பிறகு அவரே சொன்னார். காரணம் க்ரிஸ் பாஷ். ஹீட்டின் சென்டர் அவர்தான், ஆனால் கூடைக்கு அடியிலேயே நிற்கிற பழைய பாணி சென்டர் கிடையாது, வெளியே வந்து வீசுவார். பாஷ் மேலே வந்து லெப்ரானுக்கு ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது லெப்ரானைக் காப்பவரின் வழியில் தடையாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஷைக் காவல் காக்கும் டங்கனுக்கு அப்போது மூன்று வழி இருக்கிறது. பின்னால் தங்கிவிட்டால் லெப்ரான் யார் தொந்தரவும் இல்லாமல் மூன்று புள்ளி வீசுவார். முன்னே பாய்ந்து லெப்ரானை மறித்தால் பாஷ் தனியாக நிற்பார். ஆளை மாற்றிக்கொண்டால், அதாவது ஸ்விட்ச் செய்தால், 37 வயது டங்கன் கோட்டுக்கு வெளியே லெப்ரானோடு ஒண்டிக்கு ஒண்டி நிற்க வேண்டும். மூன்றுமே ஆபத்து. டியாவ் உருவத்தில் கனமானவர், ஆனால் கால் லாகவம் அபாரம். அதற்கு முந்தைய 5-வது ஆட்டத்தில் லெப்ரானை நன்றாகக் கட்டிப்போட்டவரும் அவர்தான். டியாவ் உள்ளே இருந்தால் கோட்டருகே எல்லா ஸ்க்ரீனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்ச் செய்யலாம், யாருக்கும் திறந்த வீச்சு கிடைக்காது. கணக்கு இதுதான்.

டங்கன் களைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு 30 புள்ளி, 17 ரீபவுண்ட் (தவறிய வீச்சின் பந்தைப் பிடிப்பது). கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதில் 25 புள்ளி முதல் பாதியிலேயே வந்தது. நான்காம் கால் பகுதியிலும் கூடுதல் நேரத்திலும் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அப்படியென்றால் முதல் தடவை எடுத்தது ஏன் தவறு என்கிறேன்? ஐந்து புள்ளி முன்னிலை, 28.2 விநாடி. இந்த நிலையில் ஹீட் ஒரு மூன்று புள்ளி போட்டாலும் ஆட்டம் முடிந்துவிடாது, ஸ்பர்ஸ் இன்னும் இரண்டு புள்ளி முன்னால்தான் இருக்கும். ஹீட்டை உயிரோடு வைத்திருக்கக்கூடிய ஒரே விஷயம், வீசித் தவறிய பிறகு பந்து மறுபடி அவர்கள் கைக்கே போவது. ஒரு வீச்சு, ஒரு தவறு, ஒரு ரீபவுண்ட், அதோடு சோலி முடிந்தது. பந்து தவறும் என்ற நிகழ்தகவு எப்போதுமே அதிகம். அப்படித் தவறும் பந்தைப் பிடிக்க உலகத்திலேயே தேர்ந்த ஆள் உங்கள் பெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வீச்சைத் தடுப்பதைவிடப் பந்தைப் பிடிப்பது முக்கியமாக இருந்த நேரம் அது.

நடந்ததும் அதேதான். லெப்ரான் வீசினார், தவறியது. பந்து மேலே எகிறியது. ஸ்பர்ஸின் கவாய் லெனார்ட் எம்பித் தட்டியும் கையில் நிற்கவில்லை. ஹீட்டின் மைக் மில்லர் பிடித்து லெப்ரானிடம் தள்ளினார். இந்தத் தடவை உள்ளே போனது. 94-92, மீதி 20.1 விநாடி. "டேய், அந்த ஆள உள்ள விடுங்கடா" என்று நான் கத்தியதாக நண்பன் இன்றைக்கும் சொல்வான். கத்தியது எனக்கு ஞாபகமில்லை. மில்லர் கையில் பந்து விழுந்த இடம் மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

அடுத்து கடிகாரத்தை நிறுத்த ஹீட் லெனார்டை ஃபவுல் செய்தது. 19.4 விநாடி. லெனார்டுக்கு அப்போது 21 வயது, என்பிஏவில் இரண்டாவது சீசன். ஐந்தில் நான்கு ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிடுகிற கை. முதலாவது தவறியது, இரண்டாவது போனது. 95-92.

கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜினோபிலி இரண்டில் ஒன்று, லெனார்ட் இரண்டில் ஒன்று. இந்த இரண்டு தவறிய ஃப்ரீ த்ரோவில் ஏதாவது ஒன்று உள்ளே போயிருந்தால் அடுத்து வரப்போகிற ஹீட் வீரர் ரே ஆலனின் வீச்சால் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கவே முடியாது. பாப்பவிச்சை நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஜினோபிலியையும் லெனார்டையும் திட்டச் சொல்லவில்லை. பழியைப் பங்கு போடுவதென்றால் சரியாகப் போட வேண்டும் என்கிறேன்.

இப்போது இரண்டாவது தடவை. மூன்று புள்ளி முன்னிலை, 19.4 விநாடி, டங்கன் மறுபடி பெஞ்சில். இங்கே கணக்கு மாறிவிட்டது. இரண்டு புள்ளி போட்டால் ஸ்பர்ஸுக்குக் கவலையே இல்லை. உள்ளே புகுந்து எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று விடலாம். மூன்று புள்ளி ஒன்றுதான் அவர்களைக் காயப்படுத்தும். அப்படியானால் ஐந்து பேரும் கோட்டுக்கு வெளியே ஓடி மறிக்கக்கூடியவர்களாக இருப்பதுதான் முறை. பாப்பவிச்சின் தத்துவம் இந்த இடத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே இரண்டாவது முடிவை நான் தவறு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஸ்விட்ச்சுக்கு ஒரு விலை உண்டு. ஆள் மாற்றிக்கொண்டே போகும்போது உயரமானவர் கோட்டுக்கு இழுக்கப்படுவார், குட்டையானவர் கூடைக்கு அடியில் மாட்டுவார். வீச்சு தவறினால் அங்கே யார் யாரோடு முட்டுகிறார்கள் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. லெப்ரான் வீசினார், தவறியது. 211 செ.மீ. பாஷ் எம்பினார். அவரோடு பந்துக்கு முட்டியது 198 செ.மீ. ஜினோபிலி. பந்து பாஷ் கையில். ரே ஆலன் கூடைக்கு முன்னால் இருக்கும் வண்ணப் பகுதிக்குள் இருந்தார். பாஷ் பந்தைப் பிடித்ததைப் பார்த்த உடனே, திரும்பாமல், முகம் பந்தின் பக்கமே இருக்க, வலது கார்னரை நோக்கிப் பின்னால் ஓடினார். பாஷ் கொடுத்தார். ஆலனை மறிக்க ஓடி வந்தவர் பார்க்கர். 188 செ.மீ. ஆலன் 196. பார்க்கரின் கைக்கு மேலாகவே ஆலன் வீசினார். 5.2 விநாடி மீதி இருக்கும்போது 95-95.

அதனால்தான் பார்க்கர் வெளியே போயிருக்க வேண்டும் என்றேன். தாக்குதலில் பார்க்கர் இல்லாத ஸ்பர்ஸை யோசிக்கவே முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காவல் காக்க வேண்டிய ஒரே ஒரு தடவை. பார்க்கருக்கு 3-வது ஆட்டத்திலிருந்து பின்தொடைத் தசையில் வலி வேறு. அவரை உட்கார வைத்து டேனி க்ரீன், ஜினோபிலி, லெனார்ட், டியாவ், டங்கன் என்று ஐந்து பேரை நிறுத்தியிருந்தால் லெப்ரானுக்கு டியாவோ லெனார்டோ, ஆலனுக்கு க்ரீன், பாஷுக்கு டங்கன். பாஷ் வெளியே போய் மூன்று புள்ளி வீசினால்? வீசட்டும். அந்த இடத்தில் லெப்ரானோ ஆலனோ வீசுவதைவிட பாஷ் வீசுவதை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன். டங்கனை ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. அது பழைய டங்கனை மனதில் வைத்துச் சொல்வது. அந்த சீசனில் அவரது ஃப்ரீ த்ரோ 81.7 சதவீதம்.

இப்போது ஃபவுல். இதற்குத்தான் எல்லோரும் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

தர்க்கம் எளிது. மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிரணி வீசத் தொடங்கும் முன்பே பிடித்துவிட்டால் அவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு ஃப்ரீ த்ரோதான். சமன் செய்ய வேண்டுமென்றால் முதலாவதைப் போட வேண்டும், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட வேண்டும், கூடைக்கு நெருக்கமாக எதிரணி ஆட்கள் நிற்க அவர்களை மீறி ரீபவுண்ட் எடுக்க வேண்டும், அதையும் நேரத்துக்குள் போட வேண்டும். இத்தனையும் வரிசையாக நடப்பதைவிட ஒரு மூன்று புள்ளி உள்ளே போவது எளிது. ஐரோப்பியப் பயிற்சியாளர்கள் பலர் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தபின் ஒரு நிருபர் பாப்பவிச்சிடம் ஏன் ஃபவுல் செய்யவில்லை என்று கேட்டபோது, இது ஐரோப்பியர் கேட்கிற கேள்வி, இல்லையா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, நாங்கள் செய்வதில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

தர்க்கம் எளிதாக இருந்தாலும் கடிகாரம் எளிதாக இல்லை. 19.4 விநாடியிலேயே ஃபவுல் செய்தால் அது மிகவும் சீக்கிரம். அவர்கள் இரண்டையும் போட்டு ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வருவார்கள், உடனே உங்களைப் பிடிப்பார்கள், நீங்கள் இரண்டையும் போட வேண்டும், மறுபடி அவர்கள். ஆட்டம் ஃப்ரீ த்ரோ கோட்டில் நடக்கத் தொடங்கிவிடும். சற்று முன்தான் இரண்டு பேர் அங்கே தடுமாறியிருக்கிறார்கள். இந்த ஆபத்து கற்பனை இல்லை. 2025 மே 5 அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி டென்வர் நகட்ஸுக்கு எதிராக மேற்குப் பிரிவு அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மூன்று புள்ளி முன்னிலையில் ஃபவுல் செய்தது. நகட்ஸ் இரண்டையும் போட்டது. பதிலுக்கு செட் ஹோம்க்ரன் ஃப்ரீ த்ரோ இரண்டையும் தவறவிட்டார். ஆரன் கார்டன் மூன்று புள்ளி போட்டார். 121-119, நகட்ஸ் வெற்றி. அன்றைக்கு முழுக்க ஏன் ஃபவுல் செய்தீர்கள் என்று தண்டர் ரசிகர்கள் குமுறினார்கள். ஏன் செய்யவில்லை என்று நாங்கள் 2013-இல் குமுறியதைப் போலவே.

அப்படியென்றால் 6-வது ஆட்டத்தில் ஃபவுலுக்குச் சரியான கணம் எது? லெப்ரானைப் பிடிப்பதா? அவர் எப்போது வேண்டுமானாலும் வீசக் கை தூக்குவார், அதில் பிடித்தால் மூன்று ஃப்ரீ த்ரோ. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிடித்திருக்க வேண்டிய ஆள் பாஷ். ரீபவுண்டை எடுத்துக் கீழே இறங்கிய அந்த அரை விநாடி. கூடைக்கு அருகே நிற்கிறார், பந்து இரண்டு கையிலும் இருக்கிறது, யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறார். ஜினோபிலி தொடுகிற தூரத்தில் இருக்கிறார். ஒரு அணைப்பு போதும். மிஞ்சிப் போனால் பாஷுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஆலனுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஜினோபிலி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை. அரை விநாடியில் யோசித்து ஃபவுல் செய்ய முடியாது. பந்து எதிரணி கைக்குப் போனால் உடனே பிடி என்று உடம்புக்குப் பழக்கியிருந்தால்தான் கை நீளும். நாங்கள் செய்வதில்லை என்று சொல்கிற அணியில் அந்தப் பயிற்சி இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் அந்த ராத்திரி எடுக்கக்கூடிய முடிவே அது இல்லை என்றேன். எடுத்திருக்க வேண்டியது அக்டோபரில், சீசன் தொடங்கும் முன், யாரும் பார்க்காத ஒரு பயிற்சி அரங்கில்.

அதோடு ஜினோபிலிக்கு இன்னொரு ஞாபகமும் இருந்திருக்கும். 2006-இல் டாலஸ் மேவரிக்ஸோடு மேற்குப் பிரிவு அரையிறுதியின் 7-வது ஆட்டம், சொந்த ஊரான சான் அன்டோனியோவில். கடைசி அரை நிமிடத்தில் ஜினோபிலியே ஒரு மூன்று புள்ளி போட்டு ஸ்பர்ஸை 104-101 என்று முன்னே கொண்டுபோனார். அடுத்து டர்க் நோவிட்ஸ்கி கூடையை நோக்கிப் புகுந்தார். விட்டிருந்தால் இரண்டு புள்ளி, ஸ்பர்ஸ் இன்னும் முன்னிலையில் இருந்திருக்கும். ஜினோபிலி தடுக்கப் போய்க் கையில் தட்டிவிட்டார். பந்து உள்ளே, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. 104-104. கூடுதல் நேரத்தில் டாலஸ் 119-111 என்று ஜெயித்தது. மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது ஒரு ஃபவுல் என்ன செய்யும் என்று ஜினோபிலிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு பாஷ் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கை தயங்கியதா என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

எதிர்ப்பக்கத்தில் பழக்கம் என்ன செய்தது என்பதைப் பாருங்கள். ரே ஆலனுக்கு அப்போது 37 வயது, ஒரு மாதத்தில் 38. அவருக்கு ஒரு விசித்திரமான பயிற்சி உண்டு. கூடைக்கு முன்னால் தரையில் படுத்துக்கொள்வார். குதித்து எழுந்து, பின்னால் பார்க்காமல் கார்னருக்குப் பின்னோட்டமாக ஓடுவார். அங்கே வந்து சேரும் பந்தைப் பிடித்து, கோட்டை மிதிக்காமல் வீச வேண்டும். என்பிஏ மைதானத்தின் கார்னரில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையே இருப்பது மூன்றே அடி, சுமார் 91 செ.மீ. ஒரு பெரிய ஆளின் இரண்டு ஷூவை அதில் வைத்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். முன்னால் கால் பட்டால் இரண்டு புள்ளி ஆகிவிடும், பின்னால் பட்டால் பந்து எதிரணிக்கு. அந்த ராத்திரி நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தி வீடியோவில் பார்த்ததும் ஆலனின் கால் விரலைத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. இப்படி ஒரு சூழ்நிலை வரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வந்தால் கால் எங்கே போக வேண்டும் என்று மட்டும் அவர் தெரிந்து வைத்திருந்தார்.

ஹீட் ரசிகனான நண்பனோடு நான் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான். அது அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து மறுப்போம்.

நான் சாயங்காலங்களில் பள்ளிப் பையன்களுக்கு கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதனாலேயே அந்த இரண்டு ரீபவுண்டையும் என்னால் மறக்க முடியவில்லை. வீச்சு கையை விட்டுப் போனதும் எல்லாப் பையன்களின் கண்ணும் பந்தின் பின்னால் போகும். திரும்பி, பக்கத்தில் நிற்கிறவனை முதுகால் தள்ளி, இடத்தைப் பிடித்துக்கொள்வதை பாக்ஸ் அவுட் என்பார்கள். ஒருவனும் முதல் மாதத்தில் செய்யமாட்டான். அதனால் பந்தே இல்லாமல் அந்தப் பயிற்சியைத் தருவேன். விசில் அடித்தால் முதுகைக் காட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் உலகத்தின் தலைசிறந்த வீரர்கள். அவர்களும் அந்த இரண்டு முறையும் பந்தையே பார்த்தார்கள். டங்கன் இருந்திருந்தால் நிச்சயம் பிடித்திருப்பார் என்று சொல்லமாட்டேன். ஆனால் டங்கன் இல்லாத ஐந்து பேரை நிறுத்துகிறீர்கள் என்றால், ஐந்து பேரும் முதுகால் தள்ளியாக வேண்டும். ஸ்விட்ச் என்ற பாதித் திட்டம் இருந்தது, மற்ற பாதி இல்லை.

கூடுதல் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டங்கன் திரும்ப வந்தார். 101-100 என்று ஹீட் முன்னே இருக்கும்போது ஜினோபிலி உள்ளே புகுந்தார், ஆலனோடு மோதல், விசில் வரவில்லை. அது ஃபவுல்தான் என்று ஸ்பர்ஸ் ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். மோதல் இருந்தது, அந்த மாதிரிக் கடைசி நிமிடத்தில் பல நடுவர்கள் விசிலை விழுங்கிவிடுவார்கள் என்பதோடு நான் விட்டுவிடுகிறேன். ஆலன் ஃப்ரீ த்ரோ இரண்டையும் போட்டார், 103-100. கடைசியில் கார்னரிலிருந்து க்ரீன் வீச எழுந்தபோது பாஷ் பாய்ந்து தடுத்தார். ஆட்டத்துக்கு முன்பே, இன்றைக்கு க்ரீன் தனியாக நிற்கமாட்டார் என்று சொல்லியிருந்தவர் அதே பாஷ். அந்தத் தொடரின் முதல் ஐந்து ஆட்டத்திலேயே க்ரீன் 25 மூன்று புள்ளி போட்டு ஆலனின் பழைய இறுதித் தொடர்ச் சாதனையை முறியடித்திருந்தார். இந்த வீச்சு மட்டும் நடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து 7-வது ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில் டங்கன் கூடைக்கு அடியில் எளிய வீச்சு ஒன்றைத் தவறவிட்டார், எம்பித் தட்டியதும் போகவில்லை. தரையை இரண்டு கையாலும் அறைந்தார். 95-88, கோப்பை மியாமிக்கு.

6-வது ஆட்டத்தை ஒரு நாள் விடாமல் நினைத்துப் பார்த்தேன் என்று மறு வருஷம் பாப்பவிச் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் என்னைப் பொறுத்தவரை கேள்விக்கான உண்மையான பதில் அவர் சொன்னதில் இல்லை, 2014 இறுதித் தொடரில் செய்ததில் இருக்கிறது. அதே இரண்டு அணிகள். இரண்டு ஆட்டம் முடிந்து 1-1. 3-வது ஆட்டம் மியாமியில். டியாகோ ஸ்ப்ளிட்டரை பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு டியாவைத் தொடக்க ஐவரில் போட்டார். டங்கன் அவர் பக்கத்தில். முந்தின வருஷம் அந்தக் கடைசி 28 விநாடியில் ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போக வேண்டியிருந்தது, இப்போது இருவரும் சேர்ந்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். டியாவ் வெளியே நின்று பந்தைக் கடத்தினார், டங்கன் கூடைக்கு அடியில் இருந்தார், மற்ற மூன்று பேருக்கும் மைதானம் விரிந்தது. முதல் பாதியில் 71 புள்ளி. வீசிய 33-இல் 25 உள்ளே. லெனார்ட் 29 புள்ளி எடுத்தார். அடுத்தடுத்து மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து 4-1 என்று முடித்தார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது, முந்தின வருஷம் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட அந்த லெனார்டுக்கு.

5-வது ஆட்டத்தின் தொடக்கத்தில் ஸ்பர்ஸ் 6-22 என்று பின்தங்கியிருந்ததும், நண்பன் "பாரு, இது மறுபடியும் அதே கதை" என்று எழுந்ததும் ஞாபகமிருக்கிறது. பாப்பவிச் டங்கனையும் எடுக்கவில்லை, பதறவும் இல்லை. 104-87.